மாமா வீட்டு மடிக்கணினியும் நான் கூட்டித் தள்ளியதும்

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் எனக்குக் "கம்ப்யூட்டர் தம்பி" என்று பெயர். வயது 46 ஆகிறது, தலையில் பாதி நரைத்துவிட்டது, இன்னும் தம்பிதான். கணினி படித்தவன் இல்லை. துவாஸில் ஒரு கிடங்கில் சரக்குக் கணக்குப் பார்க்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால் எட்டாம் மாடிப் பாட்டியின் பிரிண்டரை அணைத்துப் போட்டேன், அது ஓடியது. அவ்வளவுதான் என் படிப்பு. அன்றிலிருந்து யீஷூனில் எங்கள் புளோக்கில் எந்த மடிக்கணினி தும்மினாலும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். தட்டினால் பெருமையாகத்தான் இருக்கும், பொய் சொல்வானேன். கையில் ஒரு தம் டிரைவ் (யுஎஸ்பி குச்சி) வைத்திருப்பேன். அதில் ஓர் இலவச கிளீனர் மென்பொருள். யார் வீட்டுக்குப் போனாலும் முதல் வேலை அதைப் போட்டு ஓடவிடுவது. பச்சைக் கோடு ஒன்று மெல்ல நகரும், முடிந்ததும் "இவ்வளவு குப்பை நீக்கப்பட்டது" என்று பெரிய எழுத்தில் வரும். அந்த வீட்டார் என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, டாக்டர்கூட அப்படிப் பார்க்கப்பட்டிருக்க மாட்டார். கணினி உண்மையிலேயே வேகமானதா என்று நானும் பார்த்ததில்லை, அவர்களும் கேட்டதில்லை.

2023-ஆம் வருடம் மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம் டிரைவோடு நாலாம் மாடிக்கு இறங்கினேன். அதற்கப்புறம் அதைத் தொடவில்லை. அன்றைக்கு மாமா கேட்ட ஒரே ஒரு கேள்வி இத்தனை நாள் கழித்தும் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எழுதினால் போகுமா என்று பார்க்கிறேன்.

மாரான் பஸ்

நாலாம் மாடி மாமா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கு உறவில்லை, ஆனால் மாமா. ஒவ்வொரு பங்குனி உத்திரத்துக்கும் மலேசியாவின் பஹாங்கில் உள்ள மாரான் மரத்தாண்டவர் கோயிலுக்கு ஒரு பஸ் பிடித்து ஆட்களைக் கூட்டிப் போவார். 44 இருக்கை. புளோக்கில் பாதிப் பேர், அவர்களுடைய உறவினர், பழைய துறைமுகக் கூட்டாளிகள். லாபம் ஒரு வெள்ளி கிடையாது. சில வருடம் கையிலிருந்து போட்டிருக்கிறார் என்று அத்தை முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன்.

அந்தப் பயணத்தின் மூளை ஒரு பட்டியல். பெயர், கடப்பிதழ் (பாஸ்போர்ட்) எண், கடப்பிதழ் காலாவதித் தேதி, இருக்கை எண், பணம் வந்ததா இல்லையா. மலேசியாவுக்குள் போக ஆறு மாதமாவது கடப்பிதழ் செல்லுபடியாக வேண்டும் என்பதால் அந்தத் தேதிப் பத்தியை மட்டும் சிவப்பில் போட்டிருப்பார். கடைசிப் பத்தியின் தலைப்பு "வாந்தி". அதில் டிக் இருப்பவர்களுக்கு முன்வரிசை. இதை மாமா எக்செல்லில் வைத்திருக்கவில்லை. மின்னஞ்சலில் டிராஃப்டாக வைத்திருந்தார். தினமும் காலையில் அதைத் திறப்பார், திருத்துவார், அனுப்பாமல் மூடுவார். ஜொகூர் பஸ் கம்பெனியோடு பேசியது, முன்பணம் கட்டிய ரசீது, தங்குமிடத்துக்காரர் எழுதியது எல்லாமே அதே மின்னஞ்சலில்.

மடிக்கணினி 2016-இல் எக்ஸ்போ கணினிச் சந்தையில் வாங்கியது. 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். பொத்தானை அழுத்திவிட்டு அத்தை கோப்பி கலக்கி, மாமா அதை ஆற்றிக் குடித்து முடிக்கும்போது பிரௌசர் திறந்திருக்கும். "பஸ் வேலை தலைக்கு மேல கிடக்கு, இது இப்படி இழுக்குது. கொஞ்சம் பாரேன் தம்பி" என்றார். பயணத்துக்கு இன்னும் இரண்டு வாரமும் சில நாளும் இருந்தன.

நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. தம் டிரைவைச் செருகினேன். எந்த மென்பொருள் என்பது இங்கே முக்கியமில்லை. தப்பு அதனுடையது இல்லை. அது பாவம், ஒழுங்காகத்தான் கேட்டது. இடது பக்கம் ஒரு நீண்ட பட்டியல்: தற்காலிகக் கோப்புகள், பிரௌசர் கேஷ், வரலாறு, குக்கி, சேமித்த கடவுச்சொற்கள், இன்னும் என்னென்னவோ. சில பெட்டிகளில் டிக் இருந்தது, சிலவற்றில் இல்லை. பக்கத்தில் மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு ஜிபி எடுத்துக் காட்டுவதைவிட மூன்று ஜிபி எடுத்துக் காட்டினால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. எல்லாவற்றிலும் டிக் போட்டேன். ஒரு பெட்டியில் டிக் போட்டதும் ஓர் எச்சரிக்கைச் சன்னல் எழும்பியது. ஆங்கிலத்தில் மூன்று வரி. படிக்கவில்லை, ஓகே. இன்னொன்று எழும்பியது. ஓகே. அப்புறம் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் உள் பதிவேடு) பக்கம் போனேன். 1,126 சிக்கல்கள் என்று காட்டியது. மாமா "அம்மாடி" என்றார். சரிசெய்வதற்கு முன் ஒரு காப்புப் படி எடுத்து வைக்கவா என்று கேட்டது. நேரம் ஆகும் என்று வேண்டாம் சொன்னேன்.

பதினோரு நிமிடத்தில் முடிந்தது. 3.1 ஜிபி. "பாருங்க மாமா, எவ்வளவு குப்பை" என்றேன். அத்தை எனக்கு வடை எடுத்து வைத்தார்.

மாமா பிரௌசரைத் திறந்தார். வழக்கமாக அவருடைய கடிதங்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு பக்கம். நடுவில் ஒரு பெட்டி. கடவுச்சொல் கேட்டது.

மாமா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திரையில் கோளாறு என்று நினைத்திருப்பார் போல, மூடிவிட்டு மறுபடி திறந்தார். மறுபடி அதே வெள்ளை. "கடவுச்சொல் போடுங்க மாமா" என்றேன். "எந்தக் கடவுச்சொல்?" என்றார். "மெயிலோடது." என் பக்கம் திரும்பி, கோபமே இல்லாமல், ஒரு குழந்தை கேட்பதுபோலக் கேட்டார்: "அது எப்பவும் திறந்தேதானே தம்பி இருக்கும்?"

வாயில் வடை இருந்தது. விழுங்க முடியவில்லை.

அந்தக் கணக்கை 2009-இல் அவர் மகன் தொடங்கிக் கொடுத்திருக்கிறான். மகன் இப்போது பெர்த்தில். கடவுச்சொல் அவனுக்கும் நினைவில்லை. 2016-இல் புது மடிக்கணினி வாங்கியபோது யாரோ ஒருமுறை உள்ளே நுழைத்துவிட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து மாமா வெளியேறவே இல்லை. அவருக்கு மின்னஞ்சல் என்பது கடவுச்சொல் போட்டு நுழையும் இடம் இல்லை. எழுந்து வந்து அமர்ந்தால் முன்னால் இருக்கும் மேசை. அதை மேசையாக வைத்திருந்தது ஒரு சின்னக் குக்கி. நாம் ஒருமுறை உள்ளே போனதும், "இவர் நம்மவர்தான்" என்று அந்தத் தளம் பிரௌசரிடம் கொடுத்து வைக்கும் சீட்டு அது. ஒரு கிலோபைட்கூட வராது. நான் அள்ளிய 3.1 ஜிபி குப்பையில் அதுவும் போயிற்று. கூடவே சேமித்த கடவுச்சொற்களும். ஓகே, ஓகே என்று அழுத்தினேனே, அந்த மூன்று வரி சொன்னது அதைத்தான்.

சரியாக நடந்துகொண்ட இரண்டு பேர்

"கடவுச்சொல் மறந்துவிட்டதா" என்பதை அழுத்தினேன். மீட்பு எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பட்டுமா என்றது. கடைசி இரண்டு இலக்கம் மட்டும் காட்டியது. மாமாவின் பழைய கைப்பேசி எண். திட்டம் மாற்றியபோது அதை விட்டுவிட்டார், வருடம் ஆறேழு ஆகிறது. மீட்பு மின்னஞ்சல் மகனுடைய பழைய அலுவலக முகவரி. அந்த அலுவலகமே இப்போது இல்லை.

எண் மாமாவுக்கு மனப்பாடம். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அந்த எண்ணுக்கே கூப்பிட்டேன். ஒரு சீனப் பெண்மணி எடுத்தார், வயதான குரல். ஆங்கிலத்தில் மரியாதையாக ஆரம்பித்தேன்: ஆன்ட்டி, இந்த எண் முன்னால் என் மாமாவிடம் இருந்தது, இப்போது உங்களுக்கு ஓர் ஆறு இலக்கக் குறியீடு வரும், அதைக் கொஞ்சம் படித்துச் சொல்ல முடியுமா... சொல்லச் சொல்ல என் காதிலேயே அது எப்படி விழுகிறது என்று புரிந்துவிட்டது. எங்கள் மின்தூக்கிக்கு முன்னால் காவல்துறை ஒட்டியிருக்கும் சுவரொட்டியில் "யாருக்கும் சொல்லாதீர்கள்" என்று போட்டிருப்பது இதைத்தானே. நான் வாக்கியத்தை முடிப்பதற்குள் அவர் ஒரே ஒரு சொல் சொல்லி வைத்துவிட்டார். அந்தச் சொல்லை இங்கே எழுத முடியாது. என் எண்ணைப் புகார் செய்திருந்தாலும் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அன்றிரவு தூக்கம் இல்லை. 44 பேரின் கடப்பிதழ் எண்ணை மறுபடி வீடு வீடாகப் போய்ச் சேகரிக்கலாம். பணம் கட்டியது யார் என்பதை மாமாவின் வங்கிக் கணக்கில் பார்க்கலாம். பஸ்காரரிடம் தொலைபேசியில் பேசலாம். எல்லாவற்றுக்கும் வழி உண்டு. ஆனால் 2009-இலிருந்து உள்ள கடிதங்கள்? மாமா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

வழி பிறந்தது புதன்கிழமை, அத்தையால். "பழைய போனு பொங்கோல்ல பேரன்கிட்டதானே இருக்கு, கேம் ஆடுறதுக்குக் கொடுத்தோமே?" என்றார். திரை விரிசல் விட்ட அந்தப் போனில் மாமாவின் கணக்கு அப்படியே இருந்தது. விளையாட்டுகளை இறக்க ஏதோ ஒரு கணக்கு வேண்டுமே. உடனே இங்கிருந்து மீட்பு முயற்சியைத் தொடங்கினேன். "உங்கள் இன்னொரு கருவிக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறோம்" என்று வந்தது. காத்திருந்தோம். திரையில் "மறுக்கப்பட்டது." மாமா மகளுக்குப் போன் போட்டார். பின்னால் பையன் குரல் கேட்டது: யாரோ தாத்தா அக்கவுண்டுக்குள்ள வரப் பார்த்தாங்க, நான் நோ அழுத்திட்டேன், ஸ்கூல்ல சொல்லியிருக்காங்க. தொடக்கநிலை நான்கு. மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இரண்டாவது முறை தாத்தாவே சொன்ன பிறகும், "தாத்தாதானா, எங்க மீனுக்கு என்ன பேர் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுத்தான் ஆம் அழுத்தினான்.

பட்டியல் அப்படியே இருந்தது. "வாந்தி"ப் பத்தி உட்பட. பஸ் குறித்த நாளில் கிளம்பியது. நானும் போனேன், மாமா காசு வாங்க மாட்டேன் என்றார், கட்டாயப்படுத்திக் கொடுத்தேன்.

குப்பை என்றால் எது

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஹார்ன் அடித்துக்கொண்டு காராங்கூனிக்காரர் தாழ்வாரத்தில் வருவார். பழைய செய்தித்தாள், ஓடாத மின்விசிறி, டின். அம்மா எடுத்து வைத்ததைத்தான் எடுப்பார். பக்கத்தில் ஏதாவது கிடந்தால், இதுவும் வேண்டாமா என்று கையால் காட்டிக் கேட்பார். ஒருநாள் அப்பாவின் வானொலிப் பெட்டியைக் காட்டிக் கேட்டார், அம்மா பதறிப்போய்த் தலையாட்டினார். நான் மாமா வீட்டில் கேட்கவே இல்லை. மென்பொருள் கேட்டது, நான் பதில் சொல்லும் இடத்தில் இருந்துகொண்டு கேள்வியைப் படிக்கவில்லை. குக்கியும் சேமித்த கடவுச்சொல்லும் மென்பொருளின் கண்ணில் நீக்கத்தக்கவை. தனியுரிமை வேண்டும் என்று நினைக்கிற ஒருவருக்கு அப்படித்தான். பொதுக் கணினியில் உட்கார்ந்து எழுந்தால் நானே அழிப்பேன். மாமாவுக்கு அது வீட்டுச் சாவி.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த 3.1 ஜிபியை எடுத்தபின் கணினி வேகமாகவில்லை. கொஞ்சம் மந்தமானது என்றே சொல்லலாம், ஏனென்றால் கேஷ், அதாவது பார்த்த பக்கங்களின் சேமித்த படி, போய்விட்டதால் ஒவ்வொரு பக்கத்தையும் முதலிலிருந்து இறக்க வேண்டியிருந்தது, படங்கள் இருக்கும் கோப்புறையைத் திறந்தால் சின்னப் படங்களை மறுபடி ஒவ்வொன்றாகத் தயாரித்தது. அடுத்த வாரம்தான் நிதானமாக உட்கார்ந்து, முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்: கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். டிஸ்க் என்ற பத்தியில் 100% என்று சிவந்து நின்றது. சும்மா இருக்கும்போதே. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க், 4 ஜிபி ரேம் நிறைந்துபோய் அதன்மேல் ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தது. 500 ஜிபியில் முந்நூறுக்கு மேல் காலியாகத்தான் கிடந்தது. இடமே இல்லாத வட்டு மெதுவாகும் என்பது உண்மை. அந்த நிலையில் குப்பையை அள்ளினால் பயன் உண்டு. முந்நூறு ஜிபி காலியாக இருக்கும்போது மூன்று ஜிபியை அள்ளுவது கடல் ஓரத்தில் நின்று மணலைக் கூட்டுவது.

கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் ஓர் எஸ்எஸ்டியும் (சுழலாத, வேகமான வட்டு) இன்னொரு 4 ஜிபி ரேமும் வாங்கி, பழைய வட்டை அப்படியே அதில் படியெடுத்துப் போட்டோம். பொத்தானை அழுத்திவிட்டு அத்தை சமையலறைக்குப் போவதற்குள் திறந்துவிடுகிறது. "கோப்பிக்கு நேரம் குடுக்க மாட்டேங்குதே" என்று மாமா குறைப்பட்டுக்கொண்டார்.

1,126

அந்த எண்ணும் என்னை விடவில்லை. ஆயிரத்துச் சொச்சம் சிக்கல்களோடு ஒரு கணினி எப்படி ஏழு வருடம் ஓடியது? ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸின் பேரேடு மாதிரி. எந்த நிரல் எங்கே இருக்கிறது, எந்தக் கோப்பை எது திறக்கும் என்று இலட்சக்கணக்கான பதிவுகள். நாம் நீக்கிவிட்ட நிரல்களின் பழைய பதிவுகள் அதில் அங்கங்கே கிடக்கும். அவற்றை எல்லாம் நீக்கினாலும் மிச்சமாவது சில கிலோபைட். அவை அங்கே இருப்பதால் எதுவும் தடுக்கி விழுவதும் இல்லை. கிடங்குப் பேரேட்டில் பத்து வருடத்துக்கு முன்னால் வந்து போன சரக்கின் வரி இருந்தால் இன்றைய லாரி தாமதமாகுமா? ஆனால் தப்பான வரியை அடித்துவிட்டால் சரக்கு எங்கே என்று யாருக்கும் தெரியாது. மாமாவுக்கு நேர்ந்தது அதுதான்: ஸ்கேனர் மென்பொருள் திறக்க மறுத்தது. காப்புப் படி எடுத்திருந்தால் அந்தக் கோப்பை இரண்டு முறை சொடுக்கினாலே பதிவுகள் திரும்ப வந்திருக்கும். எடுக்காததால் ஸ்கேனர் மென்பொருளை முழுக்க நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். ரெஜிஸ்ட்ரி துடைக்கும் கருவிகளைத் தாங்கள் ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்ட்டே எழுதி வைத்திருக்கிறது.

பெரிய எண்ணைக் காட்டிப் பயமுறுத்துவது ஒரு தொழில் என்பதும் அப்புறம்தான் உறைத்தது. அமெரிக்காவில் ஆஃபீஸ் டிப்போ கடைகளில் இலவசமாகக் கணினியைச் சோதித்துக் கொடுத்தார்கள். தொடக்கத்தில் வாடிக்கையாளரிடம் சில கேள்விகள்: கணினி மெதுவாக இருக்கிறதா, விளம்பரச் சன்னல்கள் வருகின்றனவா என்று. ஏதாவது ஒன்றுக்கு ஆம் என்றால் போதும், சோதனை என்ன கண்டாலும் சரி, கெட்ட நிரலின் அறிகுறி இருக்கிறது என்றே முடிவு வரும். அப்புறம் காசு கொடுத்துச் சரிசெய்யச் சொல்வார்கள். அந்நாட்டு வணிக ஆணையம் தொடுத்த வழக்கில் 2019-இல் அந்தக் கடையும் மென்பொருளைச் செய்த நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்ட ஒத்துக்கொண்டன. நான் யாரிடமும் காசு வாங்கியதில்லை. ஆனால் அந்த "அம்மாடி"யைக் கேட்கும்போது எனக்கு உள்ளுக்குள் இனித்ததே, அது என்ன கணக்கு?

நல்ல பெயர் உள்ள மென்பொருளாக இருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். அதற்கும் 2017-இல் ஓர் அடி விழுந்திருக்கிறது. சிகிளீனர், இந்த வகையில் உலகத்துக்கே தெரிந்த பெயர். அதன் 5.33 பதிப்பில் திருடர்கள் புகுந்துவிட்டார்கள். போலித் தளத்தில் இல்லை. நிறுவனத்தின் சொந்தத் தளத்தில், அதன் முறையான கையொப்பத்தோடு, ஆகஸ்ட் 15-லிருந்து கிட்டத்தட்ட ஒரு மாதம் அந்தப் பதிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. 22.7 இலட்சம் கணினிகளில் ஏறியது. ஆனால் திருடர்களின் கண் நம்மைப் போன்றவர்கள்மேல் இல்லை. பெரிய நிறுவனங்களின் உள் வலையில் இருக்கும் கணினிகளைத் தேடிப் பொறுக்கினார்கள். அடுத்த கட்டத் தாக்குதல் இறங்கியது சுமார் 40 கணினிகளில் மட்டும். சிஸ்கோவின் தாலோஸ் ஆய்வுக் குழு வெளியிட்ட இலக்குப் பட்டியலில் சாம்சுங், சோனி, இன்டெல் ஆகியவற்றோடு நம்மூர்த் தொலைத்தொடர்பு நிறுவனமான சிங்டெல்லின் உள் வலைப் பெயரும் இருந்தது. பட்டியலில் பெயர் இருந்தால் புகுந்துவிட்டார்கள் என்று பொருள் இல்லை, வாசலைக் குறித்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். என் தம் டிரைவில் எந்தப் பதிப்பு, எப்போது இறக்கியது என்று அன்றைக்குப் பார்த்தேன். பதிப்பு எண் 5.33 இல்லை, ஆனால் நான்கு வருடப் பழசு. அதைத்தான் வீடு வீடாகச் செருகிக்கொண்டிருந்தேன்.

இப்போது யாராவது கதவைத் தட்டினால்

கிளீனரே கூடாது என்று சொல்லும் கட்சியிலும் நான் இல்லை. வட்டு உண்மையிலேயே நிறைந்திருந்தால் முதலில் விண்டோஸிலேயே உள்ளதைத்தான் திறக்கிறேன்: செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ், அதில் டெம்பரரி ஃபைல்ஸ். விண்டோஸ் புதுப்பிப்பின் மிச்சங்கள் பல ஜிபி அங்கேயே கிடக்கும். அங்கேயும் ஒரு கண்ணி உண்டு. டவுன்லோட்ஸ் என்று ஒரு பெட்டி பட்டியலில் நிற்கும். நம் ஆட்களில் பாதிப் பேருக்கு டவுன்லோட்ஸ்தான் பீரோ. பிள்ளையின் சான்றிதழ், மத்திய சேம நிதி அறிக்கை, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அங்கேதான். 2018 இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில் பழைய டிஸ்க் கிளீனப் பட்டியலிலும் அந்த டவுன்லோட்ஸ் பெட்டியைச் சேர்த்தார்கள். வழக்கம்போல எல்லாவற்றிலும் டிக் போட்டவர்கள் பீரோவையே காலி செய்தார்கள். பின்னால் அதை எடுத்துவிட்டார்கள். ரீசைக்கிள் பின்னையும் திறந்து ஒரு பார்வை பார்க்காமல் காலி செய்வதில்லை. அதையே பெட்டகமாகப் பயன்படுத்திய ஒரு கணக்காளரை எனக்குத் தெரியும். சத்தியமாக.

வெளி மென்பொருள் வேண்டுமென்றால், தயாரித்தவரின் தளத்திலிருந்து அன்றைக்கே இறக்குகிறேன். தேடினால் மேலே விளம்பரமாக நிற்பதைச் சொடுக்குவதில்லை. நிறுவும்போது அவசரப்பட்டு நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று போனால் கூடவே ஒரு பிரௌசரும் இன்னொரு ஆன்டிவைரஸும் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிடும். 2020-இல் இந்தக் காரணத்துக்காகவே மைக்ரோசாஃப்டின் பாதுகாப்பு மென்பொருளான டிஃபெண்டர் சிகிளீனரின் இலவசப் பதிப்பை வேண்டாத நிரல் வரிசையில் வைத்தது. அப்புறம், முதலில் அலசு, பிறகுதான் துடை. அலசிய பட்டியலை உரியவருக்குப் படித்துக் காட்டுகிறேன், தமிழில். குக்கி, சேமித்த கடவுச்சொல், படிவ விவரம் மூன்றிலும் டிக்கை எடுக்கிறேன். டிக் இருந்தே தீர வேண்டுமென்றால், இதில் உள்ள எல்லாவற்றுக்கும் கடவுச்சொல் தெரியுமா, மீட்பு எண் இப்போதைய எண்தானா என்று கேட்டு, உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான். ரெஜிஸ்ட்ரி பக்கமே போவதில்லை. டிரைவர் (பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் நிரல்) புதுப்பிக்கிறேன் என்று வருவதையும் தொடுவதில்லை.

ஏற்கெனவே துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. ஒரு நிரல் மட்டும் திறக்கவில்லை என்றால் அதை மறுபடி நிறுவினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். விண்டோஸே தடுமாறினால், பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரீஸ்டோர் பாயின்ட் இருக்கிறதா என்று பார்க்கிறேன். பல கணினிகளில் அந்த வசதியே அணைந்து கிடக்கும். இருந்தாலும் அது அமைப்புகளைத்தான் திருப்பும், அழிந்த படங்களையும் ஆவணங்களையும் தராது. அப்புறம் நிர்வாகி உரிமையோடு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து டிஸ்ம் (DISM) கட்டளையால் விண்டோஸின் மூலப் படியைச் சீர்செய்துவிட்டு, கெட்டுப்போன விண்டோஸ் கோப்புகளைச் சரிசெய்யும் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் (sfc /scannow) ஓடவிடுகிறேன், அரை மணி நேரம் ஆகும், பொறுமை வேண்டும். கோப்பு அழிந்துவிட்டதா, முதலில் அந்தக் கணினியில் எதையும் எழுதுவதை நிறுத்த வேண்டும். மீட்பு மென்பொருளையே அதே வட்டில் இறக்கினால் அது நாம் தேடும் கோப்பின்மேலேயே உட்காரும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் நம்பிக்கை உண்டு. எஸ்எஸ்டியில் குறைவு; அழித்த இடத்தை டிரிம் என்ற ஏற்பாடு சீக்கிரமே காலி செய்துவிடும். கிளீனரை நீக்கிய பிறகும் அதன் சன்னல் வந்து வந்து போகிறது என்று ஐந்தாம் மாடி அக்கா சொன்னார். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்டப் பட்டியலில் இல்லை. குறித்த நேரத்தில் நிரல்களை ஓடவிடும் டாஸ்க் ஷெட்யூலரில் ஒளிந்துகொண்டிருந்தது.

மாமாவின் அந்த மடிக்கணினி 2025 அக்டோபர் 14 வரை ஓடியது. விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்த நாள் அது. அதன் பிராசசரை விண்டோஸ் 11 ஏற்கவில்லை. புதிது வாங்கினார். பெட்டியைப் பிரித்ததும் கூடவே வந்த ஏதோ ஒரு சோதனை மென்பொருள் சிவப்பாக ஓர் எண்ணைக் காட்டியது. நான் வாய் திறப்பதற்குள் மாமாவே மூலையில் இருந்த பெருக்கல் குறியைத் தேடி மூடினார்.

கடவுச்சொற்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். திருடன் எடுத்தாலும் படிக்க முடியாதபடி ஆங்கில எழுத்துகளைத் தமிழில் ஒலிபெயர்த்து எழுதியிருக்கிறார். ஆங்கிலப் பெரிய எழுத்துக்கு அடியில் ஒரு கோடு. எண்கள் எல்லாம் பழைய தமிழ் எண்களில், ௭, ௩, ௯ என்று. அத்தைக்கு அது புரியாது என்பதால் கடைசிப் பக்கத்தில் ௧-லிருந்து ௰ வரை எழுதி எதிரே 1, 2, 3 போட்டு வைத்திருக்கிறார். அப்புறம் திருடனுக்கும் அது பயன்படுமே மாமா என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.